முழு வாய்க்கும் பல் கட்டுவது: பல்லை ராவுவதற்கு முன்பு என்னவெல்லாம் நடக்க வேண்டும்?

“எவ்வளவுப்பா சொல்றாங்க?”

“மேல, கீழ எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ஆகும்ங்கறாங்கடா.”

“பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க. தீபாவளிக்கு 15 நாள் லீவு போட்டிருக்கேன். நான் இருக்கும்போதே முடிச்சிடுவோம்.”

துபாய்க்கும் திருச்சிக்கும் நடுவே, சிங்கப்பூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே இப்படியான போன் பேச்சு இன்று சாதாரணம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அறுபது தாண்டியிருக்கும். கடவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போயிருக்கும். கொஞ்ச காலம் முன்பற்களால் மென்று சமாளித்திருப்பார்கள். அப்புறம் தட்டில் ரசம் சாதமும் இட்லியும்தான் மிஞ்சியிருக்கும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பிள்ளைகள் சரிசெய்ய நினைக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

அந்த நாலு லட்சத்தைவிட அந்த 15 நாள்தான் பெரிய சிக்கல். முழு வாய் பல் சீரமைப்பு என்பது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. அதில் சில படிகளை அவசரப்படுத்தலாம், சிலதை முடியவே முடியாது. ஒரு படி மட்டும் ஒருமுறை நடந்துவிட்டால் திரும்பப் போக வழியே இல்லை: பல்லை ராவுவது. நாற்காலியில் உட்காரும் முன்பு இதைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டால் பல கேள்விகளைச் சரியான நேரத்தில் கேட்கலாம்.

முழு வாய் சீரமைப்புன்னா என்ன?

இது ஒரே சிகிச்சையின் பெயர் இல்லை. கேப், பிரிட்ஜ், இம்பிளான்ட், கழட்டி மாட்டும் பல் செட், ரூட் கெனால், ஈறு சிகிச்சை என்று தனித்தனியாகச் செய்யும் வேலைகளை ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவந்து, மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டிலும் எல்லாப் பற்களையும் அல்லது பெரும்பாலான பற்களையும் மறுபடி அமைப்பதுதான் முழு வாய் சீரமைப்பு. ஒருவருக்கு 28 கேப் தேவைப்படலாம். இன்னொருவருக்கு எட்டு கேப், நான்கு இம்பிளான்ட், மீதிக்கு ஒரு கழட்டும் செட் போதுமானதாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்ததும் நம் வீட்டுக்காரருக்குச் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

‘ஸ்மைல் டிசைன்’ என்று விளம்பரங்களில் வருவது வேறு. அது சிரித்தால் தெரியும் ஆறிலிருந்து பத்து முன்பற்களின் அழகுக்கானது. முழு வாய் சீரமைப்பின் முதல் நோக்கம் மெல்வது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எந்த உயரத்தில், எந்த இடத்தில் சந்திக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் இதன் மையமான வேலை. மருத்துவர்கள் இதை ‘பைட்’ என்பார்கள். பைட் தவறினால், எவ்வளவு விலை உயர்ந்த பல்லாக இருந்தாலும் வலியும் உடைசலும் தாடை நோவும் வரும்.

ஒரு கடவாய்ப் பல் போனால் என்ன ஆகும்?

‘உள்ளதானே இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது’ என்று சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டு அப்படியே விடுவது நம் ஊரில் வழக்கம். அந்த இடத்தை நோக்கி அடுத்த பல் மெல்லச் சாயத் தொடங்கும். எதிரே இருக்கும் பல்லுக்கு மோத ஆள் இல்லாததால், அது தன் குழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இறங்கி வரும். பிடுங்கிய இடத்தின் எலும்பும் சும்மா இருக்காது. முதல் ஓராண்டுக்குள்ளேயே அதன் அகலத்தில் பாதி வரை கரைந்துபோகலாம்.

இப்படி நான்கைந்து கடவாய்ப் பற்கள் போனால், மெல்லும் பாரம் முழுக்க முன்பற்கள் மேல் விழும். கடித்துத் துண்டாக்க மட்டுமே அமைந்த பற்கள் அவை. அரைக்கும் வேலையைக் கொடுத்தால் தேயும், ஆடும், விசிறி மாதிரி முன்பக்கம் விரியும். பற்களின் உயரம் குறையக் குறைய மூக்குக்கும் தாடைக்கும் உள்ள தூரம் சுருங்கும். உதடு உள்வாங்கி, வாயின் இரு ஓரங்களிலும் மடிப்பு விழுந்து, எச்சில் தேங்கிப் புண்ணாகும். ‘அப்பாவுக்குத் திடீர்னு வயசாயிடுச்சு’ என்று தோன்றுவதற்குச் சில வீடுகளில் காரணம் இதுதான்.

வேறு வழிகளிலும் இந்த நிலைமை வரும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம், நெஞ்செரிச்சலில் மேலேறி வரும் அமிலம், பல வருடப் புகையிலை, கவனிக்காமல் விட்ட ஈறு நோய் எல்லாம் மெதுவாக வேலை செய்பவை. அதனால்தான் ஒரு நல்ல மருத்துவர் ‘என்ன கட்டலாம்’ என்று யோசிப்பதற்கு முன்னால் ‘ஏன் போச்சு’ என்று கேட்பார். காரணம் அப்படியே இருந்தால் புதுப் பல்லும் அதே வழியில் போகும்.

கறை மட்டும் இருந்தால்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ‘புளூரோசிஸ் தணிப்பு’ என்பதும் சேர்ந்திருக்கிறது. அதற்கு முன்பு அங்கே வளர்ந்த ஒரு தலைமுறையில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

பெண் பார்க்கும் படலத்துக்கு முன்பு, வேலைக்கான நேர்காணலுக்கு முன்பு இவர்களில் பலர் பல் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். இவர்களுக்குப் பல் உறுதியாகத்தான் இருக்கும், நிறம்தான் பிரச்னை. மேற்பரப்பை மிக மெல்லியதாக மெருகேற்றுவது, பிளீச்சிங், பல் நிறப் பசையை மேலே பூசுவது, முன்பக்கம் மட்டும் வெனீர் ஒட்டுவது என்று குறைந்த சேதத்தில் முடியும் வழிகள் இருக்கின்றன. இருபத்திரண்டு வயதில், உறுதியான பல்லை ராவிக் கேப் மாட்டினால், அந்தக் கேப்பை வாழ்நாளில் மூன்று நான்கு முறையாவது மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் உள்ளே மிஞ்சும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். கறைக்காக மட்டும் முழு வாய்க்கும் கேப் என்று யாராவது சொன்னால், வேறொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

பிரிட்டனில் இதற்கு ‘டர்க்கி டீத்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மலிவாக இருக்கிறதே என்று துருக்கிக்குப் பறந்துபோய், வெனீர் என்று நினைத்து எல்லாப் பல்லையும் குச்சி மாதிரி ராவிக்கொண்டு, பளீர் வெள்ளை கேப்புடன் திரும்பிய இளைஞர்கள் பிறகு பட்ட பாட்டை அங்குள்ள பல் மருத்துவர் சங்கம் பலமுறை எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறது. ஊருக்கு வரும் லீவில் அவசரமாக முடித்துக்கொண்டு போக நினைக்கும் நம்மவர்களுக்கும் அந்தக் கதை ரொம்ப தூரத்துக் கதை இல்லை.

முதல் சில வாரங்கள்: பல்லே கட்ட மாட்டார்கள்

சரியான இடத்துக்குப் போனால் முதல் சில சந்திப்புகளில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ‘இவ்வளவு தூரம் வந்தும் ஒண்ணும் பண்ணலையே’ என்று தோன்றும். அந்த நாட்களில் நடப்பது எல்லாம் அஸ்திவார வேலை.

மொத்தத் தாடையும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுப்பார்கள். இம்பிளான்ட் யோசனை இருந்தால், எலும்பின் உயரம், அகலம், நரம்பு போகும் பாதை தெரிய சிபிசிடி ஸ்கேன். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு எவ்வளவு ஆழத்துக்கு விட்டுப்போயிருக்கிறது என்று மெல்லிய கம்பியால் அளப்பார்கள். எந்தப் பல் தேறும், எதைக் காப்பாற்றிப் பார்க்கலாம், எது போயே போச்சு என்று மூன்றாகப் பிரிப்பது இந்தக் கட்டத்தில்தான். பிறகு கிளீனிங், ஈறு சிகிச்சை, அவசியமான ரூட் கெனால், தேறாத பற்களைப் பிடுங்குவது. ஈறில் ரத்தக்கசிவு நிற்காமல் அளவெடுத்தால், பின்னால் ஈறு சுருங்கும்போது கேப்பின் ஓரம் வெளியே தெரியும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கேயே ஒரு தடை வரலாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7-ஐ ஒட்டி இருந்தால் தைரியமாகத் தொடங்குவார்கள். 8-ஐத் தாண்டினால், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, ‘முதல்ல சுகரைக் குறைச்சிட்டு வாங்க’ என்று அனுப்பும் மருத்துவர்களே அதிகம். கோபித்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை கூடினால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்று எளிதில் பிடிக்கும். அதற்காகத்தான் அந்தத் தடை.

சாப்பிடும் மாத்திரைகளை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை எடுப்பவர்கள் பல் பிடுங்குவதற்காகத் தாங்களாகவே அவற்றை நிறுத்துவது ஆபத்து. அதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். அதிகம் பேர் சொல்ல மறப்பது எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து. மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுக்கப்படும் அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவற்றை எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. புற்றுநோய்க்காக அதிக அளவில் இவற்றைப் பெறுபவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல். ‘அது எலும்பு டாக்டர் கொடுத்தது, பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று அம்மாக்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள்தான் மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கூடப் போக வேண்டும்.

மெழுகில் முதல் ஒத்திகை

அடுத்து அளவெடுப்பார்கள். பசை வைத்தோ, கேமரா மாதிரியான ஸ்கேனரை வாய்க்குள் விட்டோ. மேல் தாடை முகத்தோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு கருவியால் பதிவு செய்து, வாயின் அச்சை தாடைபோலத் திறந்து மூடும் இயந்திரத்தில் மாட்டுவார்கள். அந்த அச்சின் மேல் லேப் தொழில்நுட்பர் மெழுகால், அல்லது கணினியில், புதுப் பற்களின் வடிவத்தை உருவாக்குவார். நோயாளிக்குத் தன் வருங்காலப் பல் எப்படி இருக்கும் என்று கையில் எடுத்துப் பார்க்கும் முதல் வாய்ப்பு இது.

அந்த வடிவத்தைப் பார்க்காமல், காட்டாமல், நேராக ஊசி போட்டு ராவத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்: “டாக்டர், எப்படி வரும்னு முதல்ல காட்டுங்களேன்.” கேட்பதில் தப்பே இல்லை. வீடு கட்டும்போது பிளானைப் பார்க்காமல் யாரும் பூமி பூஜை போடுவதில்லை.

ராவும் நாள்

கேப் மாட்ட, பல்லைச் சுற்றிலும் மேலேயும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை தேய்த்தெடுக்க வேண்டும். கேட்கச் சின்ன அளவாகத் தெரியும். ஆனால் ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் பாதிக்கும் மேல் போய்விடும். எனாமல் மறுபடி வளராது. ஏற்கெனவே பாதி தேய்ந்த பல்லுக்கோ, பெரிய அடைப்பு வைத்த பல்லுக்கோ கேப் ஒரு கவசம். முழுசாக இருக்கும் பல்லுக்கு அதுவே ஒரு இழப்பு. தேய்ந்த பற்களின் உயரத்தை மட்டும் கூட்ட வேண்டிய இடங்களில், பெரிதாக ராவாமல் மேலே ஒட்டும் முறைகளும் இப்போது இருக்கின்றன. “இந்தப் பல்லுக்கு ஒட்டுறது போதாதா?” என்று பல் பல்லாகக் கேட்கலாம்.

இன்னொரு வழக்கம், ‘பின்னாடி வலி வரக்கூடாது’ என்று முன்னெச்சரிக்கையாக எல்லாப் பல்லுக்கும் ரூட் கெனால் செய்துவிடுவது. உயிரோடு இருக்கும் நரம்பை எடுப்பதற்குத் தனியாகக் காரணம் வேண்டும்: ஆழமான சொத்தை, தாங்க முடியாத கூச்சம், பல் மிகவும் சாய்ந்திருப்பது என்று ஏதாவது ஒன்று. 28 பல்லுக்கும் ஒரே வரியில் ரூட் கெனால் என்று எஸ்டிமேட்டில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பது நோயாளியின் உரிமை. செலவும் அதில் பாதியாகக் குறையலாம்.

மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் ராவுவார்கள், வலி தெரியாது. ஒரே நாளில் முழு வாயையும் செய்ய மாட்டார்கள். மேல் ஒரு நாள், கீழ் ஒரு நாள், அல்லது பக்கம் பக்கமாக. இரண்டு மூன்று மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருப்பதால், பல்லைவிடத் தாடை மூட்டுதான் அதிகம் வலிக்கும். நடுநடுவே ஓய்வு கேட்கலாம், கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மரப்பு போகும்வரை எதையும் மெல்லக் கூடாது. கன்னத்தைக் கடித்துக்கொண்டு புண்ணாக்கிக்கொள்வது இங்கே சகஜம்.

டெம்ப்ரவரி பல்: அதிகம் பேர் பொறுமை இழக்கும் கட்டம்

ராவிய அன்றே பிளாஸ்டிக்கால் ஆன தற்காலிகப் பல் மாட்டி அனுப்புவார்கள். பலரும் இதை ‘புதுப் பல் லேபிலிருந்து வர்ற வரைக்கும் மூடி வைக்கிறது’ என்றுதான் நினைக்கிறார்கள். முழு வாய் சீரமைப்பில் அதன் வேலை அதைவிடப் பெரிது. தேய்ந்து சுருங்கிய வாயின் உயரத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டியிருப்பார்கள். இருபது வருடமாகக் குறைந்த உயரத்துக்குப் பழகிய தசைகளும் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டும் அதை ஏற்றுக்கொள்கின்றனவா என்று பார்க்கச் சில வாரங்கள் வேண்டும். சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகும்.

இந்த நாட்களில் நோயாளிதான் முக்கியமான ஆள். காலையில் எழுந்ததும் கன்னப்பொட்டில் வலி இருக்கிறதா? ஒரு பக்கம் முதலில் இடிக்கிறதா? ‘சாம்பார் சாதம் சூடா இருக்கு’ என்று சொன்னால் விசில் வருகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தட்டுகின்றனவா? சாதாரணமாக வாயை மூடி ஓய்வாக இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எப்போதும் தட்டிக்கொண்டே இருந்தால் உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம். எதையும் ‘பழகிடும்’ என்று விழுங்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பல்லில் ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்யும் தவறை, ஜிர்கோனியாவில் சரிசெய்ய மொத்தத்தையும் கழற்ற வேண்டிவரலாம்.

நிறம் பற்றிய சண்டையையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அறுபது வயது முகத்தில் பால் வெள்ளைப் பல் தனியாகத் தெரியும். பிள்ளைகள் போட்டோவைப் பார்த்து ‘இன்னும் வெள்ளையா’ என்பார்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கப்போகிறவர் யாரோ அவர் சொல்வதே நடக்கட்டும்.

டெம்ப்ரவரி உடையும், கழன்றும் வரும். மிக்சர், முறுக்கு, கரும்பு, நல்லி எலும்பு எல்லாம் கொஞ்ச நாள் தள்ளித்தான் இருக்க வேண்டும். கழன்றால் அன்றைக்கே போய் ஒட்டிக்கொள்வது நல்லது. ராவிய பல் மூடாமல் இருந்தால் கூச்சம் தாங்காது, பக்கத்துப் பற்களும் நகர்ந்துவிடும்.

இம்பிளான்ட் என்றால் காலண்டரே மாறும்

எலும்புக்குள் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் பல் கட்டுவது இம்பிளான்ட். ‘ஸ்க்ரூ பல்’ என்றால் எல்லோருக்கும் புரியும். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயல்களை வைத்து நடத்திய ஆய்வின்போது கவனித்தார். 1965-ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். அந்த நோயாளி அதன்பிறகு 40 ஆண்டுகள் அந்தத் திருகுகளோடு வாழ்ந்தார். பொருத்திப் பத்தாண்டு ஆன பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிலைத்திருக்கின்றன என்கிற அளவுக்கு இன்றைக்கு இது நம்பகமான சிகிச்சை. புகைப்பவர்களுக்கு மட்டும் தோல்வி ஏறக்குறைய இரு மடங்கு.

ஆனால் எலும்பு ஒட்டுவதற்கு அதற்கென்று ஒரு காலம் வேண்டும். பொதுவாகக் கீழ்த் தாடையில் மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல் தாடையில் நான்கிலிருந்து ஆறு மாதம். எலும்பு போதாமல் ஒட்டு எலும்பு வைத்தால் இன்னும் சில மாதம்.

அப்படியானால் ‘ஒரே நாளில் பல்’ விளம்பரம் பொய்யா? முழுப் பொய் இல்லை. போர்ச்சுகலைச் சேர்ந்த பாலோ மாலோ 1990-களின் இறுதியில் பிரபலப்படுத்திய முறையில், ஒரு தாடைக்கு நான்கு திருகு, அதில் பின்னால் உள்ள இரண்டைச் சாய்வாகப் பதித்து, அன்றைக்கே ஒரு முழு வரிசைப் பல்லை மாட்டிவிட முடியும். ஆனால் அன்று மாட்டுவது தற்காலிக வரிசை. சில மாதம் மென்மையான உணவு, எலும்பு ஒட்டியது உறுதியான பிறகுதான் நிரந்தர வரிசை. விளம்பரத்தில் முதல் பாதி பெரிய எழுத்திலும் இரண்டாம் பாதி இல்லாமலும் வரும்.

இங்கே யோசிக்க வேண்டியது வேறொன்று. வரிசையாகக் கட்ட வசதியாக இருக்கும் என்பதற்காக, நல்ல நிலையில் உள்ள ஏழெட்டுப் பற்களையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்வது நடக்கிறது. சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி, கடிக்கும் அழுத்தத்தை உணரும் ஒரு மெல்லிய திசு இருக்கிறது. அரிசியில் கல் இருந்தால் சட்டென்று தெரிவது அதனால்தான். இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது. தேறும் பல் என்று ஒரு மருத்துவர் சொன்னதை இன்னொருவர் பிடுங்கச் சொன்னால், மூன்றாவது ஒருவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டுவதற்கு ஆகும் ஐந்நூறு ரூபாய் பெரிய செலவு இல்லை.

பணம்

நகரங்களின் தனியார் கிளினிக்குகளில் ஒரு கேப்புக்குச் சில ஆயிரங்களில் தொடங்கி, ஜிர்கோனியாவில் பதினைந்தாயிரத்தைத் தாண்டியும் கேட்கிறார்கள். ஒரு கேப் 10,000 என்று வைத்துக்கொண்டால்கூட 28 பல்லுக்கு 2,80,000. இம்பிளான்ட் தனிக் கணக்கு. எஸ்டிமேட்டை மொத்தமாக வாங்காமல் பல் வாரியாக எழுதி வாங்குவது நல்லது. டெம்ப்ரவரி, ஸ்கேன், இரவில் மாட்டும் கார்டு, ஒரு வருடத்துக்குள் உடைந்தால் யார் செலவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஜிர்கோனியாவுக்கும் இம்பிளான்ட்டுக்கும் கம்பெனி தரும் அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால், என்ன கம்பெனி, என்ன அளவு என்று தெரியாமல் அங்குள்ள மருத்துவர் கையைப் பிசைவார்.

மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்க முடியாது. விபத்தில் பல் போனால் தவிர, பெரும்பாலான பாலிசிகள் பல் சிகிச்சைக்குத் தருவதில்லை. சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகள், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் ஆகியவற்றில் செலவு பல மடங்கு குறையும். அங்கே முதுநிலை மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள். நாள் அதிகம் பிடிக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு படியும் சரிபார்க்கப்பட்டுத்தான் நகரும். நேரம் இருக்கும் ஓய்வூதியர்களுக்கு இது மோசமான பேரம் இல்லை.

எல்லாப் பல்லும் போனவர்களுக்கு நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, இதை விளம்பரம் செய்ய யாருமில்லை. சாதாரண பல் செட்டில் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் கால் பங்குதான் வரும். அதிலும் கீழ் செட் நாக்கு அசைந்தாலே நகரும். கீழ்த் தாடையில் இரண்டே இரண்டு இம்பிளான்ட் வைத்து, கழட்டும் செட்டை அதன்மேல் பிரஸ் பட்டன் மாதிரி மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதல் தேர்வாக இதைத்தான் பரிந்துரைத்தார்கள்.

யாரிடம் போவது?

பிடிஎஸ் முடித்த எந்தப் பல் மருத்துவரும் கேப் போடலாம். முழு வாயையும் மாற்றும்போது, பிராஸ்தோடான்டிக்ஸ் எனப்படும் பல் கட்டும் துறையில் எம்டிஎஸ் முடித்தவர் திட்டத்தைத் தலைமையேற்று நடத்துகிறாரா என்று கேட்கலாம். தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். சில கிளினிக்குகளில் ஒரு நாள் வரும் நிபுணர் ராவிவிட்டுப் போவார், அடுத்த முறை வேறொருவர் இருப்பார். டெம்ப்ரவரி காலத்தில் தொடர்ந்து பார்க்கப்போவது யார் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது அவசியம்.

கருவிகளின் சுத்தத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023-ல் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று ஏற்பட்டு, அவர்களில் 8 பேர் இறந்தார்கள். கிருமிநீக்கம் செய்யாத கருவியால் திறந்த சலைன் பாட்டிலை மூடி மூடி மறுபடி பயன்படுத்தியதை 2025-ல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. கருவிகள் சீலிட்ட பையில் இருந்து நம் கண்முன்னே பிரிக்கப்படுகின்றனவா, சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்குப் படிப்பு தேவையில்லை.

மாட்டிய பிறகு

நிரந்தரப் பல் வந்த முதல் இரண்டு வாரம் வாய் நிறைந்த மாதிரி இருக்கும். கன்னம் கடிபடும், எச்சில் கூடும், பேச்சு கொஞ்சம் குழறும். பத்திரிகையைச் சத்தமாகப் படித்தால் நாக்கு சீக்கிரம் பழகும். பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இரவில் கார்டு கட்டாயம். அது இல்லாமல் ஜிர்கோனியாவும் தாங்காது, எதிர்ப் பல்லும் தாங்காது.

‘பர்மனன்ட்’ என்று சொல்லித் தருவார்கள். கேப் பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து வருடம் உழைக்கும், நன்றாகப் பராமரித்தால் அதற்கு மேலும். கேப்புக்குச் சொத்தை வராது, ஆனால் கேப்பின் ஓரத்தில் ஈறோடு ஒட்டிய இடத்தில் உள்ளே இருக்கும் சொந்தப் பல்லுக்கு வரும். பிரிட்ஜின் அடியில் சாதாரண பிரஷ் போகாது. இடுக்கு பிரஷோ, தண்ணீர் பீய்ச்சும் கருவியோ தினமும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். கை நடுங்கும் வயதில் இதையெல்லாம் யார் செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசிக்கலாம். சிலருக்குக் கழட்டிக் கழுவும் பல்தான் வீட்டில் இருப்பவர்களுக்கும் அவருக்கும் வசதி.

சரி, தீபாவளிக்கு 15 நாள் லீவில் வரும் மகன் என்ன செய்யலாம்? ஸ்கேன் எடுக்கலாம், சர்க்கரை அளவு பார்க்கலாம், அம்மாவின் மருந்துச் சீட்டைக் காட்டலாம், இரண்டு மருத்துவர்களிடம் கேட்கலாம், ஈறு சிகிச்சையைத் தொடங்கிவைக்கலாம், தேறாத பல்லைப் பிடுங்கிவிட்டு மெழுகு மாதிரியைப் பார்த்து ஒப்புதல் சொல்லலாம். இம்பிளான்ட் இல்லையென்றால் பொங்கலுக்கு அப்பா டெம்ப்ரவரி பல்லோடு இருப்பார், கரும்பு மட்டும் அவருக்குச் சாறாகத்தான் கிடைக்கும். சித்திரை வாக்கில் நிரந்தரப் பல் வரும். இம்பிளான்ட் என்றால் அடுத்த தீபாவளி முறுக்குதான் கணக்கு.